வாடகைக்கு அலங்கரித்த வீடு

மாமனார் ஓய்வு பெற்ற மாதமே தேயிலைத் தோட்டத்து ஆபீசிலிருந்து, கணக்கெழுதும் கிராணி எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே, "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வீடு வேலையில இருக்கறவங்களுக்குத்தானே. சாவிய எப்பக் கொடுப்பீங்க?" என்று கேட்டார்.

என் கணவர் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியிடம், ஒரு தௌக்கேயிடம், காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வேலை பார்த்தது தோட்டத்துக்குள்ளேதான், ஆனால் சுற்றுப்பயணிகளுக்காக வெளியாள் ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்தும் டீக்கடையில். கோப்பை கழுவுவதும் மேசை துடைப்பதும் தோட்ட வேலையில் சேராது. ஆகவே எங்களுக்கு வீடு கிடையாது. மாமனார் ஈப்போவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். நாங்கள் இருவரும், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகளும், தலைக்கு மேல் ஒரு கூரை தேடி அலைந்தோம்.

கம்போங் ராஜாவில், மலையை வெட்டிக் கட்டிய ஒரு பழைய தாமான் குடியிருப்பில், கடைசி வரிசையில் அந்த வீடு விலைக்குக் கிடைத்தது. மூன்று அறை, ஒரு ஹால், பின்னால் ஒரு நீளமான சமையற்கட்டு, அதை ஒட்டி ஒரு சின்ன ஸ்டோர் ரூம். ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டு, அவர்கள் ஏதாவது சொல்லி, அதனால் வாங்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம். வீட்டின் பக்கச் சுவருக்கும் வெட்டிய மலைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்குத்தான் இடம். அங்கே ஒரு சாக்கடை இருந்தது என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த அளவுக்கு மண் மூடிக் கிடந்தது.

பேங்கில் வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது என் கணவர், "நான் கிழவனாகற வரைக்கும் கட்டணும்லா" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. லோரி ஓடிக்கொண்டிருந்தது.

தவணை கட்டியது போக மிஞ்சியதில்தான் வீட்டை வீடாக்க வேண்டும். தரை வெறும் சிமெண்டு. மேட்டு நிலத்துக் குளிருக்குக் காலை வைத்தால் எலும்புக்குள் ஏறும். சுவரெல்லாம் பழைய ஆட்கள் ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள். நான் மலிவாக வாங்குவதற்குக் கற்றுக்கொண்டேன். இரும்புச் சாமான் கடையில், யாரோ கேட்ட கலர் சரியாக வராமல் போனால் அந்த டின்னை ஓரமாக வைத்துவிடுவார்கள். கடைக்காரர் அதன் மூடியில் தட்டி, "சிலாப், சிலாப்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுப்பார். தப்பாகக் கலந்த கலர் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எந்த அறையின் கலருக்கும் பெயர் இல்லை. ஹாலில் பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒன்று. மகளின் அறையில் ஏதோ ஒரு ரோஸ். அவள், "மா, இது ரோஸ் இல்ல, உடம்புக்கு முடியாத ரோஸ்" என்றாள்.

ஒரு ஹோட்டலைப் புதுப்பித்தபோது பழைய சோபாவைத் தூக்கி வெளியே போட்டார்கள். என் கணவர் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது அதை ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே மூட்டை மூட்டையாக ஜன்னல் திரைகள். ஹோட்டல் ஜன்னல் பெரிது, எங்கள் ஜன்னல் சின்னது. வெட்டித் தைத்ததில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரண்டு அடுக்காகப் போட முடிந்தது. மீதித் துணியில் தலையணை உறை, மேசை விரிப்பு, மகளுக்கு ஒரு பை. திரிங்காப் பூத்தோட்டத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, காம்பு வளைந்ததால் விற்பனைக்குப் போகாத சாமந்திகளை வாரம் ஒருமுறை கட்டிக் கொடுப்பாள். பால் பவுடர் டின்னில் வைத்தால் ஹாலே மாறிவிடும். லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, நானே கலர் அடித்த சுவரில் சாய்ந்து உட்காருவது பெரிய சொத்தாக இருந்தது.

முதல் மழைக்காலத்தில் மலைப்பக்கம் இருந்த பெரிய அறையின் சுவர் கறுத்தது. முதலில் ஒரு மூலையில் கைப்பிடி அளவு. துடைத்தேன். குளோராக்ஸ் போட்டுத் தேய்த்தேன். மேலே பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, உரிந்து, அடியிலிருந்து பூசணம் இன்னும் கறுப்பாக வந்தது. அலமாரியில் இருந்த துணியெல்லாம் ஓதமடித்த வாடை. "வெயில் வந்தா காஞ்சிடும்லா" என்றார் கணவர். கொஞ்சம் காயவும் செய்தது.

அடுத்த வருஷம் அவருக்கு விபத்து. சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கும் சாலையில், பனிமூட்டத்தில், முன்னால் நின்றிருந்த லோரி தெரியவில்லை. வண்டியைத் திருப்பியதில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. உயிர் தப்பியது. இடுப்பும் வலது தொடையும் நொறுங்கிவிட்டன. ஈப்போ ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். தௌக்கே ஒருமுறை வந்து பார்த்து, ஆரஞ்சுப் பழமும் பணம் போட்ட ஒரு சிவப்பு உறையும் வைத்துவிட்டுப் போனார். அவர் என் கணவர் பெயரில் காப்புறுதி எதுவும் கட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "நீ நாள் கூலிதானே" என்றாராம்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து என் சம்பளம் மட்டும்தான். அது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மகளின் பஸ்ஸுக்கும் இழுத்துப் பிடித்துப் போதும். தவணைக்கு ஒன்றும் இல்லை. தாலிச் சங்கிலியைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போனது. பேங்கிலிருந்து ஒரு பெண் மாதா மாதம் போன் செய்வாள். மலாய்க்காரப் பெண், மிகவும் மரியாதையாகப் பேசுவாள். "புவான், இந்த மாதம் எப்போது கட்ட முடியும்?" அந்த மரியாதைதான் எனக்குத் தாங்காது. திட்டினாலாவது நானும் ஏதாவது சொல்லலாம். போன் அடித்தால் கை ஈரத்தோடு கடைக்குப் பின்னால் போய், தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி, "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொல்வேன்.

என்னோடு டீக்கடையில் வேலை செய்த அக்கா ஒருத்தி இதைக் கவனித்துவிட்டாள். என்னைவிட மூத்தவள், புருஷனை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள். ஒரு சனிக்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். எல்லாரும் தேயிலைச் சரிவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "இவ்வளவு ஜனமும் ராத்திரி எங்க படுக்குது? ரூம் கிடைக்காம காடிய ரோட்டோரமா நிறுத்திட்டு அதுக்குள்ளயே தூங்கறாங்க. உன் வீட்டுல மூணு ரூம் இருக்கு. வாடகைக்கு விடேன்லா" என்றாள்.

"சுவரு பூசணம் பிடிச்சுக் கிடக்குக்கா."

"அதுக்கு ஏதாச்சும் ஒட்டு."

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார். "ஸ்டோர் ரூம்ல ஒரு மெத்தையப் போடு. வர்றவங்க இருக்கற வரைக்கும் நான் அங்க இருந்துக்கறேன். காசு கொடுத்து வர்றவன் இந்தக் கோலத்தப் பார்க்கணுமா?"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"வீட்ட பேங்குக்காரன் எடுத்துக்கிட்டா அதுக்கப்புறம் எங்க படுப்பேன்? போடு."

மறுபடியும் அலங்காரம் செய்ய ஆரம்பித்தேன். முதல் தடவை ஆசையில் செய்தேன். இந்தத் தடவை தவணைத் தேதிக்குள் முடிக்க வேண்டிய அவசரம். எல்லாமே மலிவுச் சாமான் கடையிலிருந்துதான். வெள்ளைச் செங்கல் மாதிரி மேடும் பள்ளமுமாக அச்சடித்த பஞ்சுத் தாள் விற்பார்கள், பின்னால் பசை இருக்கும், உரித்து ஒட்டினால் போதும். பெரிய அறையின் கறுத்த சுவரைத் தேய்த்துக் கழுவி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துக் காயவிட்டு, அதன்மேல் தரையிலிருந்து கூரை வரை ஒட்டினேன். மகள் தாளைப் பிடித்துக்கொள்ள, நான் நாற்காலிமேல் ஏறி நின்று ஒட்டினேன். கிறிஸ்மஸுக்கு விற்று மீந்த மஞ்சள் மினுக்கு விளக்குச் சரத்தை அதன்மேல் தொங்கவிட்டோம். தரைக்குத் திக்கார் கெத்தா, அதுதான் மரப்பலகை மாதிரிக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஹோட்டல் சோபாவின் கிழிசல்மேல் ஒரு கம்பளி. காய்கறிப் பெட்டிகளைக் கழுவி, கவிழ்த்து, வெள்ளை பெயிண்ட் அடித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையாக்கினேன்.

சாமி படங்கள் ஹாலில் இருந்தன. பல இனத்துக்காரர்களும் வருவார்கள், பொதுவாக இருக்கட்டும் என்று அக்கா சொன்னாள். எடுத்து ஸ்டோர் ரூமில், கணவரின் தலைமாட்டுக்கு மேல் மாட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்து, "வாங்க, உங்களையும் அனுப்பிட்டாளா?" என்று முருகனைக் கேட்டார். நான் சிரிப்பது போல் வெளியே வந்து சமையற்கட்டில் நின்று அழுதேன்.

மகள் போனில் போட்டோ எடுத்து, வீடு வாடகைக்கு என்று இணையத்தில் போட்டாள். போட்டோவில் அந்த வீட்டைப் பார்த்தபோது எனக்கே அங்கே போய்த் தங்க வேண்டும் போலிருந்தது.

ஆட்கள் வந்தார்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை எல்லாம் நிறைந்தது. ஆள் வரும் மத்தியானங்களில் கடையில் என் வேலையையும் அக்கா சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். முதல் முறை வந்த சீனக் குடும்பம், நான் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டது. என்னை வேலைக்காரி என்று நினைத்திருக்கிறார்கள். "வெளியூரில் இருக்கிறார்கள்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் அதையே சொன்னேன். அது வசதியாகவும் இருந்தது. வீட்டுக்காரியிடம் கேட்கக் கூச்சப்படுவதை வேலைக்காரியிடம் கேட்டுவிடுவார்கள். துண்டு பத்தவில்லை, சுடுதண்ணீர் வரவில்லை, ரொட்டி வாங்கி வா.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் மகள் தன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ஒரு சின்னக் காற்றோட்டத் துளை. மெத்தையைப் போட்டால் மீதி இடத்தில் ஒருவர் சம்மணம் போட்டு உட்காரலாம். மகள் அங்கே உட்கார்ந்துதான் எஸ்.பி.எம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்தாள். அவள் அப்பா இருமல் வந்தால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்வார். வாளியைத்தான் உபயோகிக்க வேண்டும், ஏனென்றால் கழிவறைக்குப் போக ஹாலைக் கடக்க வேண்டும். விருந்தாளிகள் வெளியே கிளம்பும் வரை காத்திருந்து நான் வாளியை எடுத்துப் போய்க் கழுவுவேன். கதவுக்கு இந்தப்பக்கம் யாராவது பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கைதட்டுவார்கள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். தூங்குகிறாரா என்று நான் கேட்டதில்லை.

தவணை மட்டும் கட்டினேன். சில மாதம் முழுசாக, சில மாதம் அரையும் குறையுமாக. பழைய பாக்கி அப்படியே நின்றது. பேங்குக்காரப் பெண்ணின் போன் நிற்கவில்லை. வருகிற காசில் பாதி மறுபடியும் வீட்டுக்கே போனது. விருந்தாளி ஒருவர் படுக்கை விரிப்பு மெலிசு என்றார், புதுசு வாங்கினேன். குழந்தை ஒன்று விளக்குச் சரத்தைப் பிடித்து இழுத்து அறுத்தது, புதுசு வாங்கினேன். நான் மலிவாக வாங்கியதெல்லாம் சீக்கிரம் கெட்டது, கெட்டதை மறுபடி மலிவாக வாங்கினேன். இராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் ஒருநாள் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தேன், கழுவின கோப்பையையே திரும்பத் திரும்ப. அக்கா வந்து குழாயை மூடினாள்.

அந்த டிசம்பரில் மழை விடாமல் பிடித்தது. செங்கல் தாளின் ஓரங்கள் சுருள ஆரம்பித்தன. பசை வாங்கி ஒட்டினேன். பின்பு இரட்டை டேப் போட்டேன். அறையில் வாசனைத் தைலம் தெளித்தேன். கிள்ளானிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் பதிவு செய்திருந்தது, கணவன் மனைவி, ஐந்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை. முன்பணம் வெள்ளிக்கிழமை வந்தது, வந்த உடனே பேங்குக்குக் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் நனைந்துகொண்டே வந்து இறங்கினார்கள். குழந்தை ஹாலைப் பார்த்ததும், "அம்மா, அழகா இருக்குமா!" என்று கத்திக்கொண்டு ஓடியது. அந்தப் பெண்ணுக்கு என் தங்கை வயது இருக்கும். "கூகுள்ல பார்த்தத விட நல்லா இருக்குக்கா. ஓனர் நல்ல ரசனைக்காரங்க போல" என்றாள். "ஆமாமா" என்று சொல்லி டீ போடப் போனேன்.

டீ கொதிக்கும்போதே பெரிய அறையிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னால் இருந்த செங்கல் தாள், மேலிருந்து ஒரு பெரிய பட்டையாகக் கழன்று, விளக்குச் சரத்தையும் இழுத்துக்கொண்டு தலையணைகள்மேல் விழுந்து கிடந்தது. சுவர் முழுதும் கறுப்பு. வெறும் கறை இல்லை, ரோமம் முளைத்தது போல் பூசணம். தண்ணீர் அதன்மேல் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. இன்னொரு தாளும் என் கண் முன்னால் மெதுவாக உரிந்து விழுந்தது. குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அதற்கு மூச்சிரைப்பு உண்டாம். அந்தப் பெண் கைப்பையைக் குடைந்து உறிஞ்சும் மருந்தை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

"இதுலயாக்கா பிள்ளையப் படுக்க வைக்கறது? தெரிஞ்சேதானே ஒட்டி மறைச்சிருக்கீங்க?"

விழுந்து கிடந்த தாளைத் தலையணைகள்மேலிருந்து இழுத்துச் சுருட்டினேன்.

அவள் கணவன் வந்து சுவரைப் பார்த்தான். ஒல்லியான பையன், நனைந்த சட்டை இன்னும் மாற்றவில்லை. "எங்க காச திருப்பிக் கொடுத்துடுங்க. நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

"காசு இப்ப இல்ல தம்பி."

"நேத்துதானே போட்டேன்?"

"இல்ல தம்பி. போயிடுச்சு."

"சரி, உங்ககிட்டக் கேட்டு என்ன பிரயோஜனம். ஓனர் நம்பரக் கொடுங்க, நான் பேசிக்கறேன்."

கையில் துணி இருந்தது, அதையே முறுக்கிக்கொண்டு நின்றேன். அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தான். "நம்பர் சொல்லுங்கக்கா" என்றான் மறுபடியும், இந்தத் தடவை குரலை உயர்த்தி.

சமையற்கட்டுப் பக்கம், ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு நடைவண்டியின் கால்கள் சிமெண்டில் உராயும் சத்தம் கேட்டது. என் கணவர் அதைப் பிடித்து ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று ஹாலுக்கு வந்தார். இடுப்பில் சாரமும் மேலே பழைய ஸ்வெட்டரும். பல நாள் மழிக்காத தாடி. மகள் பின்னாலேயே அவர் விழுந்துவிடுவாரோ என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஓனர் நான்தான் தம்பி" என்றார்.

அந்தப் பையன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க எங்கிருந்து வர்றீங்க?"

"பின்னாடி ரூம்லேர்ந்து. நாங்க இங்கதான் இருக்கோம். இது என் சம்சாரம், இது என் மக." அவருக்கு மூச்சு வாங்கியது. "சுவரு இப்படின்னு எங்களுக்குத் தெரியும். வேற வழியில்லாமச் செஞ்சோம். உங்க காசு பேங்குக்குப் போயிடுச்சு. மாசக் கடைசில அனுப்பறேன். நம்பிக்கை இல்லன்னா போலீஸ்ல சொல்லுங்க, நான் எங்கயும் ஓட முடியாது."

அந்தப் பெண் திறந்திருந்த ஸ்டோர் ரூமைப் பார்த்தாள். மெத்தை, வாளி, சாமி படங்கள், தரையில் விரித்துக் கிடந்த கணக்குப் புத்தகம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையனுக்குக் கோபம் தணியவில்லை. அவனைத் தப்பு சொல்லவும் முடியாது. "நாங்களும் கஷ்டப்பட்டவங்கதாண்ணே. நான் ஃபேக்டரில வேலை செய்றேன். ஒரு வருஷமாச் சேர்த்து வச்சுப் பிள்ளைய ஒரு இடம் காட்டலாம்னு வந்தோம்" என்றான். சொல்லும்போது அவன் குரலும் உடைந்தது. என் கணவர் தலையை ஆட்டினார்.

பெட்டிகளை மறுபடி மழையில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரிஞ்சாங்கில் ஒரு சின்ன ஹோட்டலில் இடம் கிடைத்ததாகப் பிறகு தெரிந்தது. போகும்போது அந்தப் பெண் மட்டும் என் கையைத் தொட்டாள். மன்னித்தாளா, பரிதாபப்பட்டாளா, தெரியாது. எனக்கு அந்தக் கையை உதறிவிடத்தான் தோன்றியது.

கார் போன பிறகு என் கணவர் ஹோட்டல் சோபாவில் உட்கார்ந்தார். விபத்துக்குப் பிறகு அவர் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அந்தப் போட்டோவ எல்லாம் எடுத்துடு" என்றார் மகளிடம்.

"அப்பா, அடுத்த வாரம் ஆள் இருக்காங்க."

"வேணாம்னு சொல்லிடு."

நான்தான் கத்தினேன். "வேணாம்னா தவணைய யாரு கட்டுவா? நீங்க கட்டுவீங்களா?" சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அவர் குரல் ஏறவில்லை. "வீடு போனாப் போகட்டும்மா. அந்த ரூமுக்குள்ள இனிமே நான் போகமாட்டேன். வாயில தலையணைய அடைச்சிக்கிட்டுக் கிடந்தா எனக்கு என்னவோ செத்துட்ட மாதிரி இருக்கு. நானே என் மூச்ச நிறுத்திடுவேனோன்னு பயமா இருக்கு." மகள் அழ ஆரம்பித்தாள். நான் போய் ஸ்டோர் ரூமிலிருந்து மெத்தையை வெளியே இழுத்தேன்.

அடுத்து வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று சரியாக ஞாபகம் இல்லை. கிள்ளான் குடும்பத்துக்கு இரண்டு தடவையாகக் காசை அனுப்பினோம். அதற்காக டீக்கடை அக்காவிடம் கடன் வாங்கினேன். தவணை நின்றது. போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. வீட்டை ஏலம் விடுவார்கள், சாமான்களை வெளியே தூக்கிப் போடுவார்கள் என்று தாமானில் யாருக்கோ நடந்ததைச் சொன்னார்கள். மழைத்தண்ணீர் சுவர் வழியாக இறங்கி பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் தேங்கியது, நடந்தால் சளக் சளக் என்றது. ஒருநாள் விரிப்பைச் சுருட்டி வெளியே எறிந்தேன். பிறகு செங்கல் தாள்களையும். கரண்டியால் சுவரைச் சுரண்டினேன். பெயிண்ட், சுண்ணாம்பு, பூச்சு எல்லாம் உதிர்ந்து சிமெண்டு தெரியும்வரை சுரண்டினேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்யவில்லை. ஏதாவது ஒன்றைக் கையால் கிழிக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

சுரண்டி முடித்ததும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நானும் மகளும் மலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்தோம். மண் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. தோண்டத் தோண்ட அடியில் சிமெண்டுச் சாக்கடை. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அடைந்து கிடந்திருக்கிறது. மலையிலிருந்து வரும் தண்ணீர் எல்லாம் போக வழியில்லாமல் எங்கள் சுவரைத்தான் குடைந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்து மிச்ச வெளிச்சத்தில் வாளி வாளியாக அள்ளினோம். என் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிரம்பிய வாளியை வாங்கி ஓரமாகக் கொட்டினார். ஒருநாள் சாக்கடையில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாள். அவளுக்குக் கோபம். எனக்கும்தான். எத்தனை டின் பெயிண்ட், எத்தனை தாள்.

பேங்குக்குப் போகலாம் என்று சொன்னது அவர்தான். "போன்ல பேசினா நம்ம முகம் அவங்களுக்குத் தெரியாது. நேர்ல போலாம்." அக்காவின் அண்ணன் மகன் வண்டியில் தானா ராத்தாவுக்குப் போனோம். படிக்கட்டு ஏற அவருக்கு வெகுநேரம் ஆனது. உள்ளே ஒரு இளைஞர் எங்கள் கதையைக் கேட்டார், ஆஸ்பத்திரித் தாள்களைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று மலாயில் கேட்டார். நான் ஆஸ்பத்திரித் தாள்களை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன். தவணையைக் குறைக்கலாம், காலத்தை நீட்டலாம், பாக்கியை அதிலேயே சேர்த்துவிடலாம் என்றார். மொத்தத்தில் நாங்கள் கட்டப்போவது முன்னைவிட நிறைய. கடைசித் தவணை கட்டும்போது என் கணவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும்.

"அதுவரைக்கும் உயிரோட இருக்கணும்" என்றேன் வெளியே வந்து.

"இருந்துதான் ஆகணும்" என்றார் அவர். அதில் சிரிப்பு எதுவும் இல்லை.

இப்போது அவர் ஒரு காய்கறிச் சேகரிப்புக் கூடத்தில் எடை போடும் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார். லோரிக்காரர்கள் வந்தால் பழைய பேச்சுப் பேசுகிறார். லோரி ஏற முடியாது, கால் கிளட்சை மிதிக்காது. பெரிய அறையை, இங்கே பள்ளிக்கு மாற்றலாகி வந்த இரண்டு கிளந்தான் ஆசிரியைகளுக்கு மாத வாடகைக்கு விட்டிருக்கிறோம். அறையைக் காட்டியபோது நான் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டினேன். சுரண்டிய சிமெண்டு, மேலே எதுவும் அடிக்கவில்லை. மழை பெய்தால் இன்னும் ஒரு மூலையில் கொஞ்சம் கறுக்கும் என்று சொன்னேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, கட்டிலை மட்டும் எதிர்ப்பக்கம் நகர்த்தித் தரச் சொன்னார்கள். வாடகை, விருந்தாளிகள் கொடுத்ததில் பாதிகூட வராது. மாதம் தவறாமல் வருகிறது.

மகள் பரீட்சையில் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. ஸ்டோர் ரூமில் படித்ததால் என்று நான் நினைக்கிறேன். அவள் அப்படிச் சொன்னதில்லை. ஈப்போவில் அத்தை வீட்டில் தங்கி டிப்ளோமா படிக்கிறாள், லீவில் வருகிறாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் ஏதாவது ஒரு கார் வேகம் குறைத்தால் இப்போதும் என் உடம்பு எழுந்துகொள்கிறது. சோபாமேல் இருக்கும் துணியை இழுத்து மடிக்கிறேன், அவருடைய மருந்துப் பாட்டிலை எடுத்து மறைக்கப் போகிறேன். "யாரும் வரலம்மா, உட்காரு" என்பார் அவர். உட்காருவேன். கார் தாமானின் கடைசிவரை போய்த் திரும்பி, வந்த வழியே போகும். அது போகிற வரைக்கும் எனக்குச் சரியாக மூச்சு வருவதில்லை.